புறக்கடைக் கோழிகளுக்குத் தீவனமும் கூளமும்: செலவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுக்குப் பின்னால் இருபதிலிருந்து முப்பது நாட்டுக்கோழிகள் வரை பல வருடமாக வளர்க்கிறோம். பெருவிடை, சிறுவிடை என்ற இரண்டு நாட்டுக்கோழி வகையும் கலந்த கூட்டம். கோழி வாங்க வருகிறவர்களும் புதிதாக வளர்க்க ஆரம்பித்தவர்களும் சுற்றிச் சுற்றிக் கேட்பது, தீவனத்துக்கும் கூளத்துக்கும் (கூண்டின் தரையில் பரப்பும் உமி, தொலி போன்றது) ஆகும் செலவைத்தான். அந்தக் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். பத்துக்கு மேல், ஐம்பதுக்குள் கோழி வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும். ஐந்நூறு கோழிப் பண்ணைக்கு வேறு கணக்கு.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் கணக்குப் போடும் இடத்தில் மட்டும் கலப்புத் தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டுக்கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?

முழுக்க அடைத்து வைத்தால் வளர்ந்த பெட்டைக்கு 80 கிராம், சேவலுக்கு 100 கிராம் என்று கணக்கு வையுங்கள். வெளியே நன்றாக மேய இடமிருந்தால் பெட்டைக்கு 30 முதல் 40 கிராம் கையில் போட்டால் போதும். மீதியைப் புழு, பூச்சி, புல் விதை, சிந்திய தானியம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் “மேய இடம்” என்றால் செடி கொடியும் குப்பைமேடும் உள்ள இடம். நாலு பக்கமும் சிமென்ட் பூசிய முற்றத்தில் கோழி நாள் முழுக்க நடந்தாலும் வயிறு நிறையாது.

அப்படியானால் நாட்டுக்கோழி முட்டை கட்டுப்படியாகுமா?

நம் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். நாமக்கல் பண்ணைக் கோழி 300 முட்டை இடுகிறதே என்று இதோடு ஒப்பிடக் கூடாது. அது வேறு ஜாதி, வேறு வாழ்க்கை.

70 முட்டை என்று வைத்துப் பார்ப்போம். அடைத்து வளர்க்கும் பெட்டை தினம் 80 கிராம் என்றால் வருடத்துக்கு 29 கிலோ சொச்சம், ஏறக்குறைய 875 ரூபாய். முட்டை ஒன்றுக்குத் தீவனம் மட்டும் 12 ரூபாய் 50 காசு. மேய்ச்சலில் விட்டு 35 கிராம் போட்டால் வருடத்துக்கு 13 கிலோவுக்குள் அடங்கும், முட்டைக்கு ஐந்தரை ரூபாய்தான். கோழியும் கூண்டும் அதேதான், வித்தியாசம் முழுவதும் மேய்ச்சலில் இருக்கிறது. அடைத்துத்தான் வளர்க்க முடியும் என்றால் முட்டையை நம்பாதீர்கள். குஞ்சு பொரித்து, கறிக்கோழியாக விற்பதில்தான் பணம் பார்க்கலாம்.

தீவனம் வாங்கி மாளவில்லை. முதலில் எதைக் குறைப்பது?

விலை குறைந்த தீவனத்தைத் தேடி அலைவதற்கு முன்னால், இப்போது வாங்கும் தீவனம் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று வழியில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்று, சிந்துவது. ஒரு நாள் சாயங்காலம் தீவனத் தட்டுக்கு அடியில் கோணிச் சாக்கை விரித்துவிட்டேன். 24 கோழிக்கு 1 கிலோ 200 கிராம் வைத்தேன். கோழிகள் கூட்டுக்குள் போன பிறகு சாக்கை உதறி, தராசில் வைத்தால் 210 கிராம்! தட்டை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். கோழி மக்காச்சோள உடைசலைப் பொறுக்குவதற்காக மாவை அலகால் இரண்டு பக்கமும் தள்ளுகிறது. மறுநாள் செங்கல் வைத்துத் தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றினேன், பாதிக்குக் கீழேதான் நிரப்பினேன். சாக்கில் விழுந்தது 40 கிராம். மாதத்துக்கு ஐந்து கிலோ, அதாவது 150 ரூபாய், இரண்டு செங்கலில் மிச்சம்.

அரைத்த தீவனத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால் தூள் பறக்காது, கடைசி வரை தின்னும். ஆனால் ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் பிசிறுங்கள். நம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துப்போகும்.

இரண்டாவது, எலி. ஒரு எலி நாளைக்கு 20, 25 கிராம் தின்னும். தின்பதைவிட எச்சமும் மூத்திரமும் போட்டுக் கெடுப்பது அதிகம். பத்து எலி இருந்தால் மூன்று பெட்டைக்கான தீவனம் அங்கே போகிறது. சாக்கோடு மூலையில் வைக்காமல் மூடி போட்ட டிரம்மில் கொட்டி வையுங்கள். ராத்திரி தட்டில் மீதி இருக்கக் கூடாது. எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும், அது தனிக்கதை.

மூன்றாவது, சேவல். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஐந்து சேவல் கூடுதலாக இருந்தால் நாளைக்கு அரைக் கிலோ, மாதத்துக்கு 450 ரூபாய். “ஆடிக்கு விற்றுக்கொள்ளலாம்”, “கோயிலுக்கு நேர்ந்துவிட்டது” என்று ஆறு மாதம் வைத்திருப்போம். அந்தச் சேவல் விலையில் பாதியை அதற்குள் அதுவே தின்றிருக்கும். நேர்ந்துவிட்டது ஒன்று இருக்கட்டும், மற்றதைப் பருவத்தில் கொடுத்துவிடுங்கள். நான்கு வயது தாண்டி, முட்டை நின்றுபோன பெட்டைக்கும் இதே கணக்குத்தான். ஆனால் நல்ல அடைகோழி என்றால் நான் விற்பதில்லை.

எந்த நேரத்தில் தீவனம் போட வேண்டும்?

காலையில் கொஞ்சம், சாயங்காலம் மீதி. காலையில் வயிறு முட்டப் போட்டால் கோழி மரத்தடியில் படுத்துக்கொள்ளும், மேயாது. ஒரு பிடி தானியம் இறைத்துத் திறந்துவிட்டால் பசியோடு போய்க் கிளறும். பொழுது சாயும்போது கூட்டுக்கு முன்னால் முறையான தீவனம் வைத்தால் அடையவும் தானாக வந்துவிடும், யாரும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

கடைத் தீவனம் வாங்குவதா, நாமே கலப்பதா?

இருபது கோழிக்குக் கீழே என்றால், கடையில் ஒரு மூட்டை வாங்கி, மேய்ச்சலோடு ஓட்டுவதே லேசு. அதற்கு மேல், தானியம் சொந்தத் தோட்டத்தில் வந்தாலோ பக்கத்தில் எண்ணெய்ச் செக்கு இருந்தாலோ கலப்பதில் லாபம் உண்டு. எல்லாவற்றையும் கடையில் சில்லறைக்கு வாங்கிக் கலந்தால் பெரும்பாலும் கடைத் தீவன விலையே வந்து நிற்கும்.

முட்டையிடும் கோழிகளுக்கு நாங்கள் 10 கிலோ கலப்பது இப்படி: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, குருணை 600 கிராம், உப்பில்லாத கருவாட்டுத் தூள் 600 கிராம், கிளிஞ்சல் தூள் 600 கிராம், கோழிகளுக்கான தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும், முட்டைக்கோழிக்கு அது போதும். கருவாட்டுத் தூளை வாங்கும்போது நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கரித்தால் வாங்க வேண்டாம், உப்பு அதிகமானால் கோழிக்குக் கழியும், சாகவும் கூடும்.

மலிவு பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். தானியத்தைக் கிலோ விலையில் ஒப்பிடலாம், புண்ணாக்கை அப்படி ஒப்பிடக் கூடாது. அதை அதிலுள்ள புரதத்துக்காகத்தான் வாங்குகிறோம். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது, தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். தேங்காய்ப் புண்ணாக்கு பாதி விலைக்குக் கிடைத்தால்தான் இரண்டும் சமம். ஆமணக்குப் புண்ணாக்கைக் கோழிக்குக் காட்டவே கூடாது, விஷம். வேப்பம் புண்ணாக்கு வயலுக்கு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டோடு நிற்கட்டும். கோழிக்குப் போட்டால் மஞ்சள் கருவின் நிறம் கெடும்.

பிராய்லர் தீவனம் போட்டால் சீக்கிரம் எடை வருமே?

பிராய்லருக்கு வரும். நாட்டுக்கோழி அந்த வேகத்துக்குப் பிறக்கவில்லை, மிஞ்சியது கொழுப்பாகத்தான் சேரும். விலையும் அதிகம். அதே மாதிரி முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்கும், முட்டையிடும் பருவம் வராத விடைக்கோழிகளுக்கும் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டையிடாத கோழியின் சிறுநீரகம் கெடும். எல்லா வயசும் ஒன்றாகத் திரிகிற வீடுகளில் கிளிஞ்சல் சேர்க்காத தீவனத்தைப் பொதுவாக வைத்துவிட்டு, கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்பட்ட பெட்டை தானே போய்க் கொத்திக்கொள்ளும். வீட்டில் உடைக்கும் முட்டை ஓட்டையும் வாணலியில் வறுத்து, நொறுக்கி அதே சட்டியில் போடலாம். முழு ஓடாகப் போட்டால் சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

அசோலா போட்டால் தீவனச் செலவு பாதியாகும் என்கிறார்களே?

ஆகாது. அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. அதில் புரதம் 25 சதவீதம் என்பது காய்ந்த எடைக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் ஒரு கிலோவில் தண்ணீர் போக நிற்பது 60 கிராம் அளவுதான். அதில் புரதம் 15 கிராம். 35 கிராம் கடலைப் புண்ணாக்கு போட்டால் அதே புரதம் வந்துவிடும். இதற்குப் போய் சில்பாலின் ஷீட், சாணம், சூப்பர் பாஸ்பேட், தினம் அலசுவது என்று மெனக்கெட வேண்டுமா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. தொட்டி ஏற்கெனவே மாட்டுக்காக இருந்தால் கோழிக்கும் இரண்டு பிடி போடுங்கள், மஞ்சள் கரு நல்ல நிறம் பிடிக்கும். கோழிக்காக மட்டும் தொட்டி கட்டுவதை நான் சொல்ல மாட்டேன். முருங்கைக்கீரை ஒரு கொத்தை ஒடித்துக் கட்டிவிட்டால் அதே வேலை நடக்கும்.

முளைகட்டிய தானியமும் இப்படித்தான். ஒரு கிலோ கம்பு முளைத்து இரண்டு கிலோவாகத் தெரிவது தண்ணீரால். கோழிக்குப் பிடிக்கும், நல்லதும்கூட, ஆனால் மூட்டைக் கணக்கு அதனால் குறையாது.

கரையான் பிடித்துப் போடுவது எப்படி?

இது செலவே இல்லாதது. குஞ்சுகளுக்கு இதற்கு ஈடு கிடையாது. வாய் அகன்ற பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு, மக்கிய கட்டை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில், மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, பானையைக் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் உதறினால், பானைக்குள் தலையை விட்டுப் பொறுக்கும். வெயில் ஏறிவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். செம்மண் காட்டில் நன்றாகக் கிடைக்கும், அடைமழையில் கிடைக்காது. பயிருக்குக் கரையான் மருந்து ஊற்றிய இடத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

மார்க்கெட் கழிவு, ஹோட்டல் மிச்சம் போடலாமா?

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் என்பதால் முட்டைக்கோஸ் மேல் இலை, காலிஃபிளவர் தழை, சொத்தைத் தக்காளி எல்லாம் சும்மா கிடைக்கும். கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் எகிறி எகிறிக் கொத்தும், ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் குறையும். ஆனால் கோஸும் காலிஃபிளவரும் மருந்து அதிகம் அடிக்கும் பயிர். வெளி இலையை ஒரு முறையாவது தண்ணீரில் அலசுங்கள். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதை மட்டும் போட்டு வயிற்றை நிரப்பினால் முட்டை குறையும்.

ஹோட்டல் மிச்சத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்றே தெரியாது. வீட்டுச் சோறு, இட்லி, பழைய சோறு என்றால் தாராளமாகப் போடலாம். கல்யாண மண்டபத்துச் சோறு மூன்று நாள் கிடந்து நூல்விட்டால் அது எருக்குழிக்கு.

மூட்டையில் லேசாகப் பூசணம் பிடித்துவிட்டது. காயவைத்துப் போடலாமா?

கூடாது. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பிடிக்கும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். வெயிலில் காயவைத்தால் பூசணம் சாகும், விஷம் அப்படியே நிற்கும். ஈரல் கெட்டு, முட்டை குறைந்து, கோழி ஒவ்வொன்றாகப் போகும். நான் ஒரு தடவை அரை மூட்டைப் புண்ணாக்கை மனசு வராமல் “சலித்துப் போட்டால் என்ன” என்று போட்டு, ஒரு மாதம் முட்டையே பார்க்கவில்லை. புண்ணாக்கை உடைத்தால் உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால், சிக்கு வாடை வந்தால் வாங்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம்.

குஞ்சுகளுக்கும் சிக்கனம் பார்க்கலாமா?

முதல் எட்டு வாரம் பார்க்காதீர்கள். நாட்டுக்குஞ்சு அதற்குள் தின்பதே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான். 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் போடுங்கள். நொய்யை மட்டும் போட்டு வளர்த்த குஞ்சு நோஞ்சானாக நின்று, ஆறாம் மாதம் இட வேண்டிய முட்டையை எட்டாம் மாதம் இடும். அந்த இரண்டு மாதத் தீவனம் யார் தலையில்? சிக்கனம் வேண்டுமானால் கதகதப்புக்குப் போடும் பல்பைக் குறைக்கலாம். தாய்க்கோழியிடம் விட்டு, ராத்திரி பஞ்சாரத்தால் மூடினால் கரண்டுச் செலவே இல்லை.

கூண்டில் கூளம் எதைப் போடுவது?

எது பக்கத்தில் மலிவோ அது. நெல் உமி, கடலைத் தொலி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, மணல் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டோம்.

உமி உலர்ந்தே இருக்கும், கட்டி தட்டாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சுவது குறைவு. முன்னே மில்லில் சும்மா அள்ளினோம். இப்போது பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் போவதால் காசு கேட்கிறார்கள். கடலைத் தொலி உமியைவிட நன்றாக உறிஞ்சும், எருவாகவும் சீக்கிரம் மக்கும். மழையில் நனைந்த தொலி என்றால் பூசணம் இருக்கும், கோழிக்கு மூச்சிரைக்கும். மரத்தூள் மிகப் பொடியாக இருந்தால் தூசி. மருந்து பூசிய மரம் அறுக்கிற பட்டறை என்றால் வேண்டவே வேண்டாம். நார்க்கழிவு ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், விடாது. கோடைக்குச் சரி, மழைக்காலத்தில் தொல்லை. வைக்கோலை நறுக்காமல் போட்டால் பாய் மாதிரி படிந்துவிடும். நான் இப்போது போடுவது பாதி உமி, பாதி கடலைத் தொலி, மேலே கொஞ்சம் வேப்பஞ்சருகு.

அளவுக்கு ஒரு கணக்கு. 30 கோழிக்கு, தலைக்கு 2 சதுர அடி வீதம் 60 சதுர அடி. மூன்று அங்குல உயரம் போட 15 கன அடி உமி வேண்டும். எடையில் 45 கிலோ அளவு, அரிசிச் சாக்கில் ஆறு சாக்கு. குஞ்சு விடும் கூண்டில் முதல் நாலைந்து நாள் உமிக்கு மேல் பழைய செய்தித்தாள் விரியுங்கள். இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாள் கணக்கில்லை, கை கணக்குத்தான். கூண்டின் நடுவிலிருந்து ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உருண்டை லேசாகச் சேர்ந்து, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரியான பதம். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். சேரவே இல்லை என்றால் தூசி பறக்கும், கொஞ்சம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வாரம் இரண்டு முறை மண்வெட்டியால் கிளறிவிட்டு, எச்சம் கூடக் கூட மேலே புதுக் கூளம் தூவிக்கொண்டே போகலாம். இதை ஆழ்கூளம் என்பார்கள். இப்படிச் செய்தால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட முழுக்க மாற்ற வேண்டியதில்லை. கூளச் செலவு கால்வாசியாகிறது. கிளறுகிற வேலையையும் கோழிக்கே விடலாம். சாயங்காலம் ஒரு பிடி கம்பைக் கூளத்தில் இறைத்தால் அதுவே தலைகீழாகப் புரட்டிவிடும். ஈரமான கூளத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஈரம் வரும் இடம் பெரும்பாலும் தண்ணீர்ச் சட்டிதான். அதைச் செங்கல் மேல் ஏற்றி, சுற்றிலும் மணல் கொட்டுங்கள், அல்லது கூண்டுக்கு வெளியே வையுங்கள். குனிந்தால் கண் எரிகிற மாதிரி நெடி வந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உலர்ந்த உமி போடுங்கள். முழுவதையும் வாரிக் கொட்ட வேண்டாம். ஈரக்கூளத்தை அப்படியே விட்டால் ரத்தக் கழிச்சல் வரும், குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாகும்.

பழைய கூளத்தை என்ன செய்வது?

நேராகச் செடிக்குப் போட்டால் சூட்டில் வேர் கருகும். நிழலில் குவித்து, ஈரப்படுத்தி, இரண்டு மூன்று மாதம் மக்கவிடுங்கள், இடையில் இரண்டு தடவை புரட்டினால் போதும். எங்கள் முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் அதுதான். பக்கத்துத் தோட்டக்காரர் சாக்குக் கணக்கில் வாங்கிக்கொள்வார், அந்தக் காசில் அடுத்த கூளம் வந்துவிடும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்தும் செலவுதானே?

சின்னச் செலவு. வயிற்றில் புழு உள்ள கோழிக்கு எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுங்கள். வெள்ளைக் கழிச்சல் என்ற கொள்ளை நோய்க்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை வருடா வருடம் பிப்ரவரியை ஒட்டி இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே ஊசி போடுகிறது. அதைத் தவறவிட்டு வெயில் தொடங்கியதும் கூண்டே காலியான வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஐப்பசி பிறந்தால் முட்டையே இல்லை. அப்போதும் தீவனம் போட வேண்டுமா?

போட வேண்டும், அதிலும் புண்ணாக்கையும் கருவாட்டையும் குறைக்கவே கூடாது. பகல் நேரம் குறைவதும் இறகு உதிர்ப்பதும் சேர்ந்துதான் முட்டை நிற்கிறது. புது இறகு முளைப்பது முழுக்கப் புரதத்தில். அந்த நேரத்தில் “சும்மா தின்கிறது” என்று தவிட்டை மட்டும் போட்டால் இறகு கட்டி முடிக்கவே மாசி ஆகிவிடும். நன்றாகத் தின்ற கோழி தை மாதமே கொண்டை சிவந்து, கூண்டு மூலையில் குழி பறித்துப் பார்க்க ஆரம்பிக்கும். அப்போது அந்த மூலையில் ஒரு கூடையில் கொஞ்சம் புது உமியைப் போட்டு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் போய் இட்டுவிட்டு வரும்.